மூன்று டாக்கிங் ஸ்டேஷனும் ஒரு காவடியும்

"தம்பி, என் காவடி வீடியோ வெச்சிருக்கியா?" என்று, பத்து வருடத்துக்கு முன்னால் தைப்பூசத்தில் நான் வீடியோ எடுத்த அண்ணன் கேட்டார். யோசிக்காமல், "இருக்குண்ணே, எங்க போவும்?" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பதில்தான் அடுத்த பதினோரு நாளும் என்னைப் போட்டு வாட்டியது.

கேட்ட இடம், பினாங்கில், பாயான் பாருவில் எங்கள் புளோக்குக்குக் கீழே, காருக்குள். எங்கள் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் லிஃப்டை விட்டு இறங்கி ஒரு மாடி படி ஏற வேண்டும். அவரால் முடியாது. இனிப்பு நீர் முற்றி, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்து மூன்று வருடமாகிறது. மகள்தான் காரை ஓட்டி வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணும் அவள்தான். அவளை எதிர்க் கடையில் தே தாரிக் டீ கட்டி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை வீடு கெப்பாலா பத்தாஸ். நல்ல மனுசங்கதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அவங்க என்னையப் பாத்ததே இந்த நாற்காலியிலதான். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாப்பிள்ளையோட அம்மா என் வீட்டுக்காரிகிட்ட, 'அண்ணனுக்குப் பொறந்ததுலேருந்தே இப்படித்தானா?'ன்னு மெதுவா கேட்டுச்சு. எனக்குக் கேட்டுருச்சு லா."

மகள் வருகிறாளா என்று கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கல்யாண டின்னர்ல அத போடணும். முழுசா வேணாம், அஞ்சு நிமிசம் போதும். நான் படி ஏறுறது மட்டும். நீ குடுத்த டிவிடி வீட்டுக்குள்ள வந்த வெள்ளத்துல போயிருச்சு. இன்னும் பதினாலு நாள் இருக்கு. முடியும்தானே?"

"முடியும்ணே."

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு விளக்குப் பிடிக்கப் போய், அப்படியே அதுவே தொழிலாகிவிட்டது. தைப்பூசம் வந்தால் காவடி எடுக்கும் குடும்பங்கள் கூப்பிடும். அலகு குத்துவதிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயில் உச்சிவரைக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். கூடவே என்றால் பக்கத்தில் இல்லை, முன்னால், பின்பக்கமாகவே நடந்து. ஐந்நூறுக்கும் மேலே படிகள். காவடி எடுப்பவருக்காவது சாமி துணை, எனக்கு யார் துணை என்று நினைத்துக்கொண்டே ஏறுவேன்.

எடுத்ததையெல்லாம் வருடத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் என்று போட்டு வைத்திருக்கிறேன். உறையில்லாத டிஸ்க்குகள், முன்பு மேசைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுவோமே, அந்த மாதிரி. மேலே மார்க்கரில் வருடம் எழுதி, ஒரு சப்பாத்துப் பெட்டியில் வரிசையாக நிற்க வைத்திருப்பேன். ஒயர் மாட்டுகிற பல் வரிசை எப்போதும் மேலே பார்த்திருக்கும். கீழே இருந்தால் அழுந்தி உடைந்துவிடும் என்று பயம். எனக்கு இப்படி நூறு பயம் உண்டு. ஒவ்வொரு வருடமும் எல்லாவற்றுக்கும் இன்னொரு காப்பி எடுக்க வேண்டும் என்று கவலைப்படுவேன். கவலைப்பட்டதோடு சரி. நிறையக் கவலைப்பட்டால் வேலையைச் செய்து முடித்த மாதிரி ஒரு அலுப்பு வந்துவிடுகிறது.

பழைய கம்ப்யூட்டர் செத்ததிலிருந்து லேப்டாப்தான். லேப்டாப்பில் இந்த டிஸ்க்கை நேராக மாட்ட முடியாது. அதற்குத்தான் டாக்கிங் ஸ்டேஷன். பார்க்க ரொட்டி வாட்டும் மெஷின் மாதிரி இருக்கும். மேலே ஒரு பிளவு, அதில் டிஸ்க்கைப் பல் கீழே பார்க்கச் சொருகினால் அது சுழலும், லேப்டாப்பில் தெரியும். என்னிடம் ஐந்து வருடமாக ஒன்று இருந்தது. சரஸ்வதி பூசைக்கு அதையும் டிஸ்க் பெட்டியையும் கேமராக்களோடு சாமி மேசையில் வைத்துக் கும்பிட்டு அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பூசைக்கு முந்தின நாள்வரை ஒரு குறையும் இல்லை.

அண்ணனை அனுப்பிவிட்டு மேலே போய் அவருடைய வருடத்து டிஸ்க்கைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. லேப்டாப்பில் பெயர் வந்தது. 'அப்பாடா' என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பெயர் காணாமல் போனது. மறுபடி சொருகினேன். இந்தத் தடவை திரையில் ஒரு கேள்வி: இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமென்றால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

ஃபார்மேட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. பத்து வருடத்துக்கு முந்தைய தைப்பூசத்தைத் துடைக்கட்டுமா என்று அந்த மெஷின் என்னிடம் மரியாதையாகக் கேட்கிறது. தெரியாமல் சரி என்பதில் பட்டுவிடுமோ என்று மவுஸை மேசையிலிருந்தே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வேறு வருடத்து டிஸ்க்கைப் போட்டேன். அதுவும் அப்படியே. இன்னொன்று. அது பெயர்கூடக் காட்டவில்லை.

எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் சாகாது, அப்படியென்றால் கெட்டது டாக்தான். இப்படி நானே வழக்குப் போட்டு, நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அன்றைக்கே போனில் நல்ல டாக் எது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். ஒன்றுக்கு ஒரு பிளவு, ஒன்றுக்கு இரண்டு. ஒன்று நிற்க வைப்பது, ஒன்று படுக்க வைப்பது. ஒன்று பெரிய டிஸ்க்கை ஏற்காது, ஒன்று சும்மா இருந்தால் தானே தூங்கிவிடும், தூங்கினால் எழுந்திருக்காது. வாங்கியவர்கள் எழுதியதைப் படிக்கலாம் என்று போனால், ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு "பாராங் சம்பாய், பெலும் டெஸ்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். சாமான் வந்துவிட்டதாம், இன்னும் சோதிக்கவில்லையாம்! சோதிக்காமல் எதற்கய்யா ஐந்து நட்சத்திரம்? தபால்காரனுக்கா? ஒருவர் பெட்டியைக்கூடத் திறக்காமல் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஒரு நட்சத்திரம் போட்டவர்களைப் படித்தாலோ அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. என் டிஸ்க்கையே கொன்றுவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்ததை நான் நான்கு தடவை படித்தேன்.

இரண்டு பிளவு உள்ளதில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு டிஸ்க்கில் உள்ளது இன்னொரு டிஸ்க்குக்குப் போகும். நல்ல விஷயம்தான். ஆனால் இடம் மாற்றிச் சொருகிவிட்டால் காலி டிஸ்க்கின் காலித்தனம் நிறைந்த டிஸ்க்குக்குப் போய்விடும். ஒரு பிளவு போதும், பொத்தான் வேண்டாம், தனி மின் அடாப்டர் இருக்க வேண்டும் என்று மூன்று விதி எழுதிவைத்து, அதன்படி ஒன்றை ஆர்டர் செய்தேன்.

நாலாம் நாள் வந்தது. மாட்டினேன். அரை நிமிடம் பெயர் காட்டியது. பிறகு அதே கேள்வி.

"புதுசும் அப்படித்தானா?" என்றாள் என் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"மலிவு சாமான். வேற என்ன?"

"ரெண்டு மெசினும் ஒரே மாதிரி கெட்டுப்போவுமா?"

"ஒனக்கு இதெல்லாம் தெரியாது."

எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். "எடுத்துட்டியா தம்பி?" என்பார். "மெசின் சரியில்லண்ணே, வேற வாங்குறேன்" என்பேன். "சரி சரி, நீ பாத்துச் செய்யி" என்பார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சரி சரி என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த அம்மாள் மெதுவாகக் கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது.

ஏழாம் நாள் டவுனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைகளே நிறைந்த பழைய கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒரு நானா கடை வைத்திருக்கிறார். பினாங்கில் தமிழ் முஸ்லிம் அண்ணன்மார்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். என்ன கேட்டாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"நல்ல டாக் வேணும் நானா. நம்பகமானது."

"எல்லாம் நம்பகமானதுதான். நம்பாம யாரு விக்கிறா?"

"வெளயாடாதீங்க. ஏற்கனவே ரெண்டு கெட்டுப்போச்சு."

"ரெண்டா?" கண்ணாடி மேலே போனது. "டிஸ்க கொண்டாந்தீங்களா? இங்கயே மாட்டிப் பாத்துரலாம்."

கொண்டு போகவில்லை. மோட்டார் சைக்கிளில் குலுங்கினால் டிஸ்க் போய்விடும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். "டிஸ்க்ல ஒண்ணும் இல்ல நானா, மெசின்தான்" என்று சாதித்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கனமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இரும்பு உடம்பு, தனி அடாப்டர். இரண்டு பிளவு, அந்தப் பொத்தானும் இருந்தது. வேறு இல்லை என்றார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பொத்தான் மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். அப்புறம் டிஸ்க்கைச் சொருகினேன்.

செய்யட்டுமா என்று கேட்டது.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேசையைக் குத்தினேன். உடனே, குத்தின அதிர்ச்சியில் டிஸ்க்குக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று கும்பிட்டேன். டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிற இடம் ஒன்றுக்குப் போன் செய்தேன். கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். கல்யாணத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது. அண்ணனுக்கு என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். "அண்ணே, போயிருச்சுண்ணே." அங்கேயே நிறுத்தி விளக்கை அணைத்தேன்.

பதினோராம் நாள், புதன்கிழமை, மூன்றாவது டாக்கையும் அவருடைய டிஸ்க்கையும் ஒரு துவாலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பஸ் ஒவ்வொரு தடவை பிரேக் போட்டபோதும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சீனத்துப் பாட்டி குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

"காச திருப்பிக் குடுங்க நானா" என்று சாமானைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். "நம்பகமானதுன்னீங்க. மூணாவதும் அப்படியேதான் இருக்கு. ஒரு மனுசன் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."

அவர் டாக்கைத் தொடவில்லை. டிஸ்க்கை எடுத்துத் திருப்பி, விளக்குக்குக் கீழே பல் வரிசையைப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னா தம்பி, பூச போட்டீங்களா?"

நான் டிஸ்க்கை எட்டிப் பார்த்தேன்.

"சந்தனம் லா. பல்லுல சந்தனம் காஞ்சு கெடக்கு. நடுவுல சிவப்பா இருக்கே, அது குங்குமந்தானே?"

சரஸ்வதி பூசையன்றைக்குச் சாமி மேசை முன்னால் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணம் என் கையில். கேமராவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, டாக்குக்கு ஒன்று. பிறகு பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும், மேலே எது தெரிகிறதோ அங்கே, மோதிர விரலால் அழுத்தி ஒரு பொட்டு. மற்ற வருடங்களில் பெட்டி மூடிமேல் ஒரே ஒரு பொட்டுதான் வைப்பேன். இந்த வருடம்தான், எல்லாம் பழசாகிக்கொண்டே போகிறதே, தனித்தனியாக வைத்தால் நல்லது என்று தோன்றியது. அழுந்தக் கூடாது என்று நான் மேலே பார்க்க வைத்திருந்த பல். அதன்மேல் நானே அழுத்தி வைத்திருக்கிறேன்.

நானா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "வருசா வருசம் ஒங்க பூச முடிஞ்ச வாரம் எனக்கு நல்ல வியாபாரம். போன வருசம் ஒருத்தர் பிரிண்டர கொண்டாந்தாரு. பேப்பர் வர்ற வாயில அப்படியே ஒரு பொட்டு. எந்தப் பேப்பர் வந்தாலும் நாமம் போட்டுக்கிட்டே வருது."

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏன், ஒங்க ஆளுங்க மட்டும் கெடுக்க மாட்டாங்களா?"

"எங்க ஆளுங்களா? நாசி கண்டார் சோத்துக் கொழம்ப ஊத்திக் கொண்டாருவாங்க லா. ஒங்க வாசத்தவிட அது மோசம்." ஒரு பழைய பல் தூரிகையை எடுத்து, ஏதோ ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். கறுப்புப் பிளாஸ்டிக்கில் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியது. "மூணு டாக்கையும் நீங்கதான் கெடுத்தீங்க. ஒவ்வொண்ணா சொருகிச் சொருகி, இந்தச் சந்தனத்த அதுக்குள்ள தேச்சு விட்டுட்டீங்க. இதையும் கழுவணும்."

"அப்ப வாரண்டி?"

"வாரண்டில சாமி வராது தம்பி."

டாக்கின் பிளவுக்குள்ளும் எதையோ பீச்சித் துடைத்து, நன்றாகக் காயும்வரை இரண்டையும் மின்விசிறிக்கு முன்னால் வைத்தார். அரை மணி நேரம். ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது போல நின்றேன். பிறகு சொருகினார். பெயர் வந்தது. பெயர் போகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "பாருங்க, இருக்கு" என்றார்.

அங்கேயே, அவருடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தோம். மயில் இறகுக் காவடி. வேர்த்து மின்னுகிற உடம்பு. இரண்டு கால், இரண்டிலும் சலங்கை. ஒவ்வொரு படியிலும் ஊன்றி ஊன்றி ஏறி வருகிறார். நானா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு, "காப்பி எடுங்க மொதல்ல. ஒண்ணுல்ல, ரெண்டு" என்றார்.

கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. முழுவதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மெசின் சரியில்லன்னுதானே தம்பி சொன்ன? தெனமும் மெசின் சரியில்லன்னுதானே சொன்ன?"

"அப்படித்தாண்ணே நெனச்சேன்."

"நீ பொட்டு வெச்சதுக்கு நான் ஏன்டா பதினோரு நாளு செத்தேன்? சம்பந்திகிட்ட வேற, டின்னர்ல ஒரு வீடியோ இருக்குன்னு சொல்லி வெச்சிட்டேன்." போனை வைத்துவிட்டார்.

அவர் முதல் தடவையாக என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான். நியாயம்தான். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது கண் எரிந்துகொண்டே வந்தது.

சனிக்கிழமை டின்னருக்கு நான் கொண்டுபோனது: வீடியோ ஏற்றிய லேப்டாப், பென்டிரைவில் ஒரு காப்பி, போனில் ஒரு காப்பி. பைக்குள் துவாலையில் சுற்றிய டிஸ்க்கும் அந்த இரும்பு டாக்கும் வேறு. மனைவி பார்த்துவிட்டு, "பூச மேசையையும் தூக்கிட்டு வர்றதுதானே?" என்றாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். மண்டபத்தில் உட்கார்ந்தபிறகும் ஒரு கை பைமேலேயே இருந்தது.

அண்ணன் முன்வரிசையில், சக்கர நாற்காலியில், பட்டு வேட்டியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது பதார்த்தமாக மீன் வந்தபோது, அறிவிப்பாளர் கைகாட்ட, நான் ஓடவிட்டேன்.

படம் சரியாக வந்தது. சத்தம்தான் கூடுதல். மண்டபம் முழுக்க உறுமி மேளம், அதற்கும் மேலே என் குரல்: "பாத்துண்ணே... பாத்து... அடுத்த படி ஒயரம்ணே... பாத்து..." பத்து வருடத்துக்கு முன்னால் கேமராவுக்குப் பின்னாலிருந்து நான் விடாமல் புலம்பியிருக்கிறேன். எடிட்டிங்கில் எடுத்திருக்க வேண்டும், டாக்கைப் பற்றிய கவலையில் மறந்துவிட்டேன். ஜனம் சிரித்தது. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. பாதிப் பேர் மீனிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பாதிப் படத்தில் நிமிர்ந்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். திரையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். உச்சிக்குப் போய்க் காவடியோடு அவர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றதும் படம் முடிந்தது. அந்த அம்மா எழுந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, நீங்களா அது?"

"நானேதான்."

"அவ்வளவு படியும் நீங்களே ஏறுனீங்களா?"

"வேற யாரு? அந்தா, அவன்தான் எனக்கு முன்னால பின்பக்கமாவே ஏறுனான். கேட்டீங்கல்ல, எப்படிக் கத்துறான்னு? நான் விழலன்னா அவன் பயத்துலதான் விழல." அண்ணன் திரும்பி என்னைத் தேடினார். "தம்பி! சம்பந்தியம்மா பாதியிலேருந்துதான் பாத்தாங்களாம். மறுபடி போடு லா."

அறிவிப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி முறைத்தார். அடுத்த பதார்த்தம் வாசலில் காத்திருந்தது. நான் பைமேலிருந்த கையை எடுத்து, முதலிலிருந்து ஓடவிட்டேன்.